முழு மனநிறைவுடன்

தோள்முனைக்கு ரெண்டு விரக்கடை கீழே
போட வேண்டிய ஊசி.
முகாம் முடியுற நேரம், நர்ஸ் பிள்ளைக்கு
ஜங்ஷன் பஸ்ஸைப் பிடிக்கணும்.
முனையிலேயே இறக்கிட்டா.

அடுத்த ஊசி இடது கையில.
ஒண்ணும் ஆகல.
"இதை மட்டும் அங்க சொல்லாதீங்க, பாத்திமா"
என்றார் வக்கீல் கோமதிநாயகம்.
சொன்னேன்.

ஹைகிரவுண்டில் டாக்டர் கையைத் தூக்கச் சொல்லி
அளந்து எழுதினார்:
அறுபது டிகிரி.
கொடியில் சேலை காயப்போட அறுபது போதாது.
தலை பின்ன மகள் பள்ளிக்கூடம் விட்டு வரணும்.

"பீடி மடியில வச்சுத்தானே சுத்துறீங்க,
கை எதுக்கு உயரணும்?"
இன்சூரன்ஸ்காரர் கேட்டது நியாயமான கேள்விதான்.
ஆயிரம் சுத்தினவ அறுநூறு சுத்துறேன், சார்.
அந்த நானூறை எந்த டிகிரியில எழுதுவீங்க?

மக்கள் நீதிமன்றம், பாளையங்கோட்டை.
சனிக்கிழமை. எனக்கு முன்னால
லாரி இடிச்ச ஆடு ரெண்டுக்குப் பேசி முடிச்சாங்க.
எனக்கு ஒண்ணேகால் லட்சம்,
வக்கீலுக்குப் போக ஒண்ணு.
தாளில் அச்சடிச்சிருக்கு:
'முழு மனநிறைவுடன் பெற்றுக்கொண்டு,
இனி எக்காலத்தும்...'

'முழு'வை மட்டும் அடிச்சுத் தாங்கன்னேன்.
அடித்தல் திருத்தல் கூடாதாம்.

கையெழுத்துக்குக் கை உயர வேண்டாம்.
போட்டேன்.

மேலப்பாளையம் பஸ்ஸில் நிக்கத்தான் இடம்.
இடது கை கம்பியில்.
செக் வச்ச பை வலது கக்கத்தில்,
இறுக்கிப் பிடிக்க அது இப்பவும் கெட்டிதான்.
கூட்டத்துக்கு மேலாகக் கண்டக்டர்
டிக்கெட்டை நீட்டுறார்.

கொஞ்சம் கீழே, தம்பி.