சூரியக் காப்பிக்குப் பன்னிரண்டு மஃபின்கள்

ஹ்ரெஃப்னா ஒரு தாள் கொடுத்தாள்.
நாளொன்றுக்குத் தொண்ணூறு கிராம் புரதம்.
அதற்குக் கீழே பென்சிலால்:
ஏமாற்றாதீர்கள்.

முப்பத்திநான்கு வருடம் வலை இழுத்த கை.
ஒன்பது வாரம் மருத்துவமனையில் கிடந்ததில்
மணிக்கட்டுக் கடிகாரம்
முழங்கை வரை ஏறிப் போகிறது.

மீனை வாயில் வைத்தால் குமட்டுகிறது.
யாரிடமும் சொல்லவில்லை.
இந்த ஊரில் அதைச் சொல்வது
கொடிக்கம்பத்தைத் திட்டுவது போல.

இன்று சூரியன் திரும்பும் நாள்.
ஈசாஃபியோர்தூரில் இரண்டு மாதமாக
மலைக்குப் பின்னால் இருக்கிறான்,
கடன் வாங்கியவன் மாதிரி தலை காட்டாமல்.
வரும் அன்று எல்லா வீட்டிலும்
காப்பி, மெல்லிய பான்கேக்,
உள்ளே சுருட்டிய சர்க்கரை.

என் வீட்டில் மஃபின்.

குட்ஃபின்னா ஆறு மணிக்கே இறால் ஆலைக்குப் போய்விட்டாள்,
மேசையில் தராசை மட்டும் வைத்துவிட்டு.

ஸ்கிர் முந்நூறு கிராம்.
நல்ல தயிர்தான், கரண்டி நட்டால் நிற்கும்.
அரைத்த ஓட்ஸ் இருநூறு.
புரதப் பொடி இரண்டு கரண்டி;
டப்பாவில் ஒருவன்
இந்தக் குளிரில் சட்டையில்லாமல் நிற்கிறான்.
அந்தப் புஜம் எனக்கு இருந்தது.
யாரும் படம் எடுக்கவில்லை.
வாழைப்பழம் ஒன்று,
கப்பலில் வந்து
என்னைப் போலவே கறுத்தது.

முட்டை நான்கு.
வெள்ளை மட்டும் என்கிறது குறிப்பு.
முதலாவது சரி. இரண்டாவது சரி.
மூன்றாவதில் விரல் நடுங்கி
மஞ்சள் உடைந்து ஒழுகியது.
புயல் இருட்டில் அறுந்த வலையைப்
பார்க்காமலே முடிச்சிட்ட விரல்.
கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றேன்.
பிறகு நான்காவதையும் முழுசாகப் போட்டேன்.
போகட்டும்,
கோழி பிரித்துப் பிரித்தா இட்டது?

பில்பெர்ரி, ஆகஸ்டில் குட்ஃபின்னா
மலைச்சரிவில் குனிந்து பறித்தது.
அன்றைக்கு நான் இன்னும் கனமாயிருந்தேன்.
உறைபெட்டியிலிருந்து கூழாங்கல்லாய்க் கொட்டுகிறது.
மாவில் புரட்டிப் போட்டால் மூழ்காதாம்.
மூழ்காமலிருக்க அவ்வளவு போதுமென்று
கப்பலில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நூற்று எண்பது டிகிரி. இருபது நிமிடம்.
ஒரு நிமிடம் கூடினாலும் ரப்பர்.

அடுப்பின் முன் முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.
கண்ணாடிக்குள் ஒரு சின்ன விளக்கு.
தகரக் குழிகளின் விளிம்புக்கு மேலே
மாவு மெல்லத் தலை தூக்கியது.
ஒன்று இடப்பக்கம் சாய்ந்து,
ஒன்று நடுவில் வெடித்து ஊதா கசிய.

அப்போதுதான் தெருவில் சத்தம்.
பக்கத்து வீட்டு ஸ்டெய்னுன் ஜன்னலைத் தட்டினாள்.
"வந்துவிட்டது! மேகம் மூடுவதற்குள் வா!"
மூன்று நிமிடம் என்றேன்.
"அது நிற்காதே!"
"இதுவும் நிற்காது."

வெளியே போனபோது மூடிவிட்டது.
கையில் கோப்பையோடு எல்லோரும்
அது இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தட்டை இரண்டு கையாலும் தூக்கி வந்தேன்.
கையுறைக்குள் நடுக்கம்.
பன்னிரண்டில் ஒன்று படியில் உருண்டு
பனியில் தனக்கொரு குழி உருக்கி
உட்கார்ந்துகொண்டது.

ஸ்டெய்னுன் கடித்தாள். மென்றாள்.
இன்னும் மென்றாள்.
"படகுத்துறையில் டயர் கட்டியிருப்போமே,
அதில் பழம் போட்ட மாதிரி."
சிரித்ததில் வயிற்றுத் தையல் இழுத்தது.
அவள் இன்னொன்று எடுத்தாள்.

மாலையில் குட்ஃபின்னா தட்டை எண்ணினாள்.
"நீ எத்தனை?"
நான்கு.
ஒன்றுக்குப் பதினொன்று வீதம் நாற்பத்திநான்கு.
பாதிக்கு ஒரு கிராம் குறைவு.
ஏமாற்றாமல் தாளில் எழுதினேன்.
"சூரியனைப் பார்த்தாயா?"
"நாளைக்கும் வருமாமே."
என் கன்னத்தைத் தொட்டாள், கையில் இறால் வாசம்.
முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை,
ஆனால் மூச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டேன்.

படியில் விழுந்ததைக் காணோம்.
பனியில் அண்டங்காக்கையின் கால்தடம்.
அதற்கும் பதினொரு கிராம்.