மாடிப்படி வயரிங்

எங்கள் வீட்டில் மாடி இல்லை.
எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டுக்குத்தான் மாடி.
ஆனால் மாடிப்படி வயரிங் எனக்குத் தூக்கத்திலும் வரும்:
கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச்,
இரண்டுக்கும் பொதுவாய் ஒரே விளக்கு.
கீழே போட்டதை மேலே போய் அணைக்கலாம்.

குடியாத்தம் அரசு மேல்நிலைப் பள்ளி,
பன்னிரண்டாம் வகுப்பு, தொழிற்கல்விப் பிரிவு.
இருபத்து மூன்று பையன்கள், நவநீதம், நான்.
பிரேயரில் எங்களுக்குக் கடைசி வரிசை.
தலைமையாசிரியர் அறையில் ஃபேன் நின்றால்
அந்த வரிசையைத் தேடித்தான் ஆள் வரும்.

எங்களுக்கும் தச்சுப் பிரிவுக்கும் நடுவே
பலகைத் தடுப்பு ஒன்று.
அந்தப் பக்கம் இழைப்புளி ஓடினால்
இந்தப் பக்கம் சுவிட்சுக்குள் தூள் விழும்.
இந்தப் பக்கம் ஃபியூஸ் போனால்
அந்தப் பக்கம் யோவேல் கத்துவான்:
"இன்னாங்கடா, கடைசல் மிஷினு நின்னுபோச்சு!"

எங்கள் போர்டுகள் அவன் அறுத்துத் தந்தவை.
என் போர்டில் சுவிட்ச் ஓட்டை ஒரு நூல் சிறிது.
"ஒரு நூல்தானே" என்றான்.
நூல் என்றால் என் அம்மாவுக்குத் தறியில் அறுவது.
தமிழ் ஐயாவுக்கு அட்டை போட்டு வைப்பது.
தச்சனுக்கு அங்குலத்தில் எட்டில் ஒன்று.
எனக்கு அன்றைக்கு
அரத்தை வைத்து அரைமணி நேரம் ராவி
கொப்புளம் கண்ட விரல்.

பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு.
வெளித்தேர்வாளர் போளூரிலிருந்து
முதல் பஸ்ஸில் வந்திருந்தார்.
பத்து மணிக்குக் கரண்ட் போனது.
அந்த வருஷம் அது செய்தியே இல்லை,
இருந்தால்தான் செய்தி.

சுவரோரம் இருபத்தைந்து போர்டு.
இருபத்தைந்து பல்பும் சந்தை முடிந்த மீன் கண்.
அவர் மணியைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார்.
போர்டை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னார்.
"எரியுமா?"
"எரியும் சார்."
"எப்படிச் சொல்ற?"

விரலை வைத்துக் கம்பி போன வழியே போனேன்.
ஃபேஸில் கிளம்பி
முதல் சுவிட்சில் இரண்டாய்ப் பிரிந்து
அடுத்ததில் ஒன்றாகி
விளக்கைத் தொட்டு நியூட்ரலில் இறங்கினேன்.
எந்த இடத்திலும் விரல் தடுக்கவில்லை.
பேனாவைத் திறந்தார்.
தலைகீழாய்ப் படித்தேன்: முழு மார்க்.

நாலு பத்துக்குக் கரண்ட் வந்தது.
எல்லோரும் போயிருந்தார்கள்.
பிளையரைத் திருப்பித் தர வந்தவள்
சும்மா, ஒரு ஆசைக்கு,
ஒவ்வொரு போர்டாய்ப் பிளக்கில் செருகினேன்.
நவநீதத்தின் பல்பு எரிந்தது.
சரண்ராஜ் சுவிட்சைத் தலைகீழாய் மாட்டியிருந்தான்,
அதுவும் எரிந்தது.
என்னுடையது எரியவில்லை.

கீழ் சுவிட்ச். இல்லை.
மேல் சுவிட்ச். இல்லை.
பல்பை மாற்றினேன். இல்லை.

மார்க் பட்டியல் அரக்கு வைத்த உறையில்
வேலூர் பஸ்ஸில், இந்நேரம்
பள்ளிகொண்டா தாண்டியிருக்கும்.
இனி எந்தக் கரண்டாலும் அதை மாற்ற முடியாது.
பையைத் தோளில் மாட்டினேன்.
வாசல் வரை போனேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு
ஹோல்டர் மூடியைக் கழற்றினேன்.
திருகு கம்பியைக் கடிக்கவில்லை,
கம்பியின் மேல்தோலைக் கடித்துக்கொண்டிருந்தது.
நீலத் தோல்.
இன்னும் ஒரு நூல் சீவியிருக்க வேண்டும்.

சீவினேன். முறுக்கினேன். செருகினேன்.
கீழே போட்டு மேலே அணைத்தேன்.
மேலே போட்டு கீழே அணைத்தேன்.
ஏழெட்டு முறை
இல்லாத மாடிக்கு ஏறி இறங்கினேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம்
சீவலைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்த யோவேல்
எட்டிப் பார்த்தான்.
"எரிதா?"
"எரிது."
"காலைல எரிஞ்சிருக்குமா?"

மேல் சுவிட்சை அணைத்தேன்.
அவன் தடுப்பைச் சுற்றி வந்து
கைத்தூளோடு
கீழ் சுவிட்சைப் போட்டான்.