பதினாறு டிகிரி

தளியில் மார்கழி பிறந்து நாலு நாள்.
புழுமனைச் சுவரில் வெப்பமானி
பதினாறைத் தாண்ட மறுக்கிறது.
மூணாம் ஜுரத்தில் கிடக்கும் புழுக்களுக்கு
இருபத்தைந்து வேண்டும்.
எங்களுக்கு எவ்வளவு வேண்டுமென்று
யாரும் அளந்ததில்லை.

ஓசூரிலிருந்து வந்தவன் இரண்டு படம் விரித்தான்.
ஒன்று அனல்காற்று உலை.
விசிறி, தகரக்குழாய், கால்மணியில் அறை தகிக்கும்.
மற்றது பாய்லர்.
சுவரோரமாய் வெந்நீர்க் குழாய் ஓடும்,
சூடேறவும் நேரமாகும்
ஆறவும்.

உலைதான் என்றார் ருத்ரப்பா. விலை பாதி.
நேற்றுக் கரிச்சட்டியோரம் கிடந்த மல்பெரி இலையை
அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன்,
அப்பளம்போல் நொறுங்கியது.
"காஞ்ச காத்துல புழு இதத்தான் தின்னும்."
இலையைப் பார்க்கவில்லை அவர்.
எட்டாம் தேதி, கூட்டுறவு வங்கித் தவணை,
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.
வந்தவன் டீயை ஊதி ஊதிக் குடித்தான்.

இரவு கரண்ட் போனது.
விசிறி இந்நேரம் நின்றிருக்கும் என்று
நான் சொல்லவில்லை.
பாப்பாவின் பாதத்தைத் தொட்டவர்
அப்படியே கம்பளியோடு அள்ளிக்கொண்டு
புழுமனைக்கு நடந்தார்.

கரி எரியும் அறையில் கதவைச் சாத்த முடியாது.
திறந்தால் சூடு தங்காது.
வாசற்படியில் பாதி உள்ளே பாதி வெளியே
மடியில் அவளோடு உட்கார்ந்திருந்தார்.
பின்னால் தட்டுகளில்
ஒரு புழுவும் அசையவில்லை.

விடிந்ததும்
தழை கட்டும் கயிற்றால்
புழுமனையிலிருந்து எங்கள் கட்டில்வரை அளந்தார்.
போனில் கேட்டது:
"இருபத்தெட்டு அடி குழாய் கூட வேணும்.
எவ்வளவு ஆகும்?"