ஒட்டிய இடம்

பதினோரு நாள் விடுப்பு.
ஜூலை. ஒருரோவில் குழாய்த் தண்ணீர் இரவில் உறைந்து
காலை ஒன்பது மணிக்குத்தான் இருமத் தொடங்கும் மாதம்.

சமையலறை மேசையில் பொலிவியாவை விரிக்கிறோம்.
நான்கு மூலைக்கும் நான்கு பாரம்:
உப்புக் கிண்ணம், கோக்கா இலைப் பை,
எலியோதோரோவின் இடுக்கி,
வாராவின் முழங்கை.

வரைபடம் பழசு. மடித்து மடித்து நடுவில் கிழிந்து
பழுப்பேறிய டேப் ஒட்டியிருக்கிறது.
டேப்புக்கு அடியில் இருப்பது
கொச்சபம்பா.

வாராவுக்கு இளஞ்சிவப்பு ஓங்கில் வேண்டும்,
மமோரே ஆற்றில், நிஜமாய், மூச்சு விடும் சத்தத்தோடு.
அவளுக்குத் தெரிந்த ஒரே ஏரி வற்றிவிட்டது.
படகுகள் மண்ணில் ஒருக்களித்துக் கிடக்கின்றன.

அவருக்கு உயுனியின் உப்பு வெளி.
"தினமும் சூப்பில் போடுகிறோமே, போதாதா?" என்றேன்.
"தினமும் மூச்சு விடுகிறோம்.
அதற்காக வானத்தைப் பார்க்காமலா இருக்கிறோம்?"

எனக்குக் கொன்செப்சியோன்.
செம்மண் தெரு, திருகு மரத்தூண் தேவாலயம்,
பள்ளிச் சீருடையிலேயே பிள்ளைகள் வயலின் வாசிப்பார்களாம்.
இரவுப் பணியில், ஏழாம் படுக்கைக்காரர் சொன்னது.
அவர் அங்கே போயிருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் ஆசை போய்விடும்.

வரைபடத்துக்கு உயரம் தெரியாது.
என் இரண்டு விரல் அகலத்துக்குள்
மூவாயிரம் மீட்டர் இறங்கிவிடுகிறது நாடு.
லாமாக் கம்பளியும் கொசுவலையும் ஒரே பையில்.
சாசனத்தில் முப்பத்தாறு பூர்வ மொழிகள்;
எனக்கு அய்மாராவில் சண்டை போட வரும்,
கெச்சுவாவில் விலை கேட்க வரும்.
மற்றதற்கெல்லாம் சிரிப்புதான்.

பஸ் ஓட்டும் கசியானோ, வாசலில் நின்றபடியே,
"எங்கே போனாலும் கொச்சபம்பாவில் மாறிக்கொள்ளுங்கள்,
அதுதான் சுலபம்" என்றார்.

எலியோதோரோ உப்புக் கிண்ணத்தை நகர்த்தினார்,
தேவையே இல்லாமல்.

கொச்சபம்பாவில் தெல்மிரா. அவர் தங்கை.
ஆறு வருடம்.
கூட்டாக வாங்கிய மினிபஸ்ஸை
ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டாள்.
"கேட்டேன், நீதான் காதில் வாங்கவில்லை" என்பது
அவள் கட்சி.

ஆகவே சுற்று வழிகள்.
போத்தோசி, சுக்ரே, கமிரி, அங்கிருந்து வடக்கே சாந்தா குரூஸ்.
இல்லையென்றால் லா பாஸ், யுங்காஸ் சரிவு, ருரெனபாக்கே,
சான் போர்ஹா, புழுதி, பஞ்சர்.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறது
எலியோதோரோவின் பென்சில்.
மூன்று நாள் கூடுகிறது.
வயலின் போய்விட்டது. உப்பு போய்விட்டது.
ஓங்கிலின் வால் மட்டும் மிச்சம்.
இதற்குள் வானொலி, கமிரிச் சாலையில் மறியல் என்கிறது.
எத்தனை நாளைக்கென்று
மறிப்பவர்களுக்கே தெரியாதாம்.

வாரா நகத்தால் டேப்பைச் சுரண்டுகிறாள்.
"இதுக்கு அடியில ஊர் இருக்கா?"
"இருக்கு. கையை எடு."

இரவு, எல்லோரும் தூங்கியபின் பட்டியலை எடுத்தேன்.
கம்பளி, கொசுவலை, தலைவலி மாத்திரை, டார்ச்,
வாராவின் தடுப்பூசி அட்டை.
கடைசியில் எழுதினேன்:
உப்புக்கண்டம், ஒரு கிலோ.

எங்கள் ஊர் லாமா உப்புக்கண்டம் என்றால்
தெல்மிராவுக்கு உயிர்.
அது அவருக்கும் தெரியும்.

காலையில் தாள் மேசையிலேயே கிடந்தது.
நான் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.
அவர் காபி குடித்தார். தாளைப் பார்த்தார்.
இன்னொரு வாய் குடித்தார்.
பையிலிருந்து தன் சட்டை ஒன்றை உருவி
நாற்காலியில் போட்டுவிட்டு
வேலைக்குக் கிளம்பிப் போனார்.

கதவு சாத்தியபின் போய்ப் பார்த்தேன்.
'ஒரு' என்பதை அடித்து
'இரண்டு' என்று எழுதியிருந்தது,
பென்சிலில்,
வேண்டுமானால் அழித்துக்கொள்ளலாம் என்பதுபோல.