நூற்று நாற்பத்தொன்று

தேங்காப்பட்டணம் துறைமுகத்தில்
விடியற்காலம் நாலேகாலுக்கு
என் பேர் அளவுக்காரி.
பெற்றவர்கள் வைத்த பேர்
சம்பளச் சீட்டில் மட்டும்.

வாய் நுனியிலிருந்து வால் பிரியும் கவடு வரை
அளவுகோலைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.
ஏலக்காரர் மூச்சு வாங்கும் இடைவெளியில்
ஒரு கேரைக்கு ஏழு விநாடி.

பதினேழாவது வரி:
மஞ்சள் கேரை. 141. வாலின் மேல்பாகம் கிழிந்தது.
கடலில் இருந்த நாள் முப்பத்திரண்டு.
தூண்டில் அறுநூறு.
பிடித்த இடம் எது என்றதும்
ஸ்ராங்கு ததேயுஸ்
ஐஸ் பெட்டியைப் பார்த்தபடி இரண்டு எண் சொன்னார்,
இரண்டும் பூஜ்ஜியத்தில் முடிந்தன.
கடலில் எதுவும் அத்தனை ஒழுங்காக அகப்படாது.
இருந்தும் எழுதிக்கொண்டேன்.
கட்டத்தைக் காலியாக விட்டால்
மேலிடத்திலிருந்து போன் வரும்.

லாரி ஆறரைக்குப் போயிற்று.
ஊரம்பு தாண்டினால்
கடைப் பலகைகள் எழுத்தை மாற்றிக்கொள்ளும்.
கேரை, கேர ஆகும்.
சோதனைச் சாவடியில் இறக்கி வைத்ததுபோல்
ஓர் ஐகாரம் இந்தப் பக்கமே நின்றுவிடும்.

பதினொரு மணிக்கு விழிஞ்ஞத்திலிருந்து சுமய்யா.
என் வேலைதான் அவளுக்கும்,
வேறு மாநிலம், அதே அளவுகோல்.
"எடீ, நூற்றி நாப்பத்தொண்ணு.
வாலு மேலே கீறியிட்டுண்டு.
நின்றெ புக்கில் உண்டோ?"
உண்டு.
"எங்கில் இது ஒண்ணு, ரண்டல்ல."

பிறகு மெதுவாகச் சொன்னாள்:
மீனைப் புரட்டினாளாம்.
முதுகுத் துடுப்பின் அடியில், மறுபக்கத்தில்,
மஞ்சள் பிளாஸ்டிக் நரம்பொன்று, எண்ணோடு.
மூன்று வருஷத்துக்கு முன்
சீஷெல்ஸ் பக்கம் யாரோ குத்தி விட்டது.
அன்று அதன் நீளம் நாற்பத்தெட்டு.

நான் புரட்டவில்லை.

அவ்வளவு தண்ணீரை நீந்தி வந்ததற்கு
எந்த நாட்டுப் புத்தகத்திலும் வரி இல்லை.
செத்த பிறகு முப்பத்தைந்து கிலோமீட்டர் லாரியில் போனதற்கு
இரண்டு வரி.
இப்படியே இருபது லாரி போனால்
கடல் நிறைந்திருக்கிறதென்று
எங்கோ ஒரு குளிர்ந்த அறையில் தீர்மானிப்பார்கள்.
இன்னும் இருநூறு படகு விடலாம் என்பார்கள்.

யார் வரியை அடிப்பது?
துண்டு அவளிடம் இருக்கிறது.
பிடித்த இடம் என்னிடம்,
அதுவும் பொய்.

சாயங்காலம் தூத்தூரில்
வலை உதறிக்கொண்டிருந்த ததேயுஸிடம் போனேன்.
"செல்லினா நாளைக்கு நூறு படகு அங்ஙன நிக்கும் பிள்ளே.
எனக்க பெஞ்சாதிக்கே தெரியாது."
நான் பேசவில்லை.
நாற்பத்தெட்டு என்றேன். பிறகு நூற்று நாற்பத்தொன்று.
அவர் கைகளை அகட்டி
முதலில் சின்னதாக, பிறகு பெரிதாகப் பிடித்துப் பார்த்தார்.
இடையிலிருந்த காற்றைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

அப்புறம் ஈர விரலால்
பெட்டி மூடியில் எழுதினார்,
டிகிரி, நிமிஷம், எல்லாம் கோணல் எண்கள்.
"கோட்டுக்கு இந்தப் பக்கம்தான்" என்றார்,
நான் அதைக் கேட்கவே இல்லை.
நான் படித்ததும் உள்ளங்கையால் துடைத்துவிட்டார்.

படிவத்தில் அது இருக்கிறது.
இந்தக் கவிதையில் எழுத மாட்டேன்.

இடத்தைச் சுமய்யாவுக்குச் சொல்லிவிட்டு
என் பதினேழாவது வரியை அடித்தேன்.
விதி அப்படி: ரப்பர் கூடாது, வெள்ளை மை கூடாது.
ஒரே கோடு, அடியில் இருப்பது தெரியும்படி,
பக்கத்தில் கையெழுத்து.
பதினோரு வருஷத்தில்
நான் கொன்ற ஒரே மீன்.

மறுநாள் நாலேகாலுக்கு
முதல் கேரையை இரண்டு கையாலும் புரட்டினேன்.
துடுப்படியில் ஒன்றுமில்லை.
அடுத்ததிலும் இல்லை.
"அளவுக்காரி, இங்க என்ன பொண்ணு பாக்குறியா?"
ஏலக்காரர் கத்துகிறார்.
ஒன்பது விநாடி ஆகிறது.