வரிசை

கோபியின் தெற்கு எல்லை.
எனக்கு முன்னால் முந்நூற்றுப் பன்னிரண்டு நிலக்கரி லாரிகள்.
நான்கு நாளாக லாரியும் நகரவில்லை,
வயிறும்.

வரிசையோரம் வேனில் மருந்து விற்கும் நர்மந்தாக்
குரலைத் தாழ்த்தாமலே கேட்டாள்:
"வாந்தி உண்டா? வயிறு வலிக்கிறதா?
வலித்தால் மாத்திரை கிடையாது, ஆஸ்பத்திரிதான்."
இல்லை என்றேன்.
பின்னால் நின்ற தம்தின் கனைத்தான்.

"ஒன்று. படுக்கும் முன். தண்ணீரோடு.
கடிக்காதே. பால்தேநீரோடு கூடவே கூடாது."
என் பிளாஸ்க் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நள்ளிரவு. மைனஸ் இருபது.
ஒன்றும் நடக்கவில்லை.
இன்னொன்றைத் தேடிப் போனது விரல்.
அட்டையின் பின்னால் பேனாவில் அவள் எழுத்து:
பொறு. ஆறு மணி நேரமாகும், பன்னிரண்டும் ஆகலாம்.
ஒரு வாரம் தாண்டினால்
என்னிடம் வராதே, டாக்டரிடம் போ.

விடிகாலை ஐந்தரை.
அடிவயிற்றில் யாரோ சாவியைத் திருப்பினார்கள்.
அந்நேரம் பார்த்தா
முந்நூற்றுப் பன்னிரண்டு எஞ்சின்களும் உறும வேண்டும்!

ஹாரன் அடித்தார்கள். தம்தின் என் பெயரைச் சொல்லித் திட்டினான்.
மணல்மேட்டுக்கு அப்பால் குந்தியபடி
வரிசை என்னைத் தாண்டிப் போவதை
முதல்முறையாக
நிம்மதியாகப் பார்த்தேன்.