கழிவு நிரல்

கல்லடியில், வாவிக்கு முகம் வைத்து
நாலு மாடி எழும்பிக்கொண்டிருக்கிறது.
களஞ்சியத் திறப்பு என்னிடம்.
சீ.ஆர். கொப்பியில் நாலு நிரல்:
வந்தது, போனது, மிச்சம், கழிவு.

கழிவு நிரலுக்குத்தான் பேனை கூடச் செலவாகும்.
மாரியில் நனைந்து கல்லான சீமெந்து பதினொரு பை.
ஓடாவியார் அளந்து, பாஸ் திருப்பி அளந்து,
இரண்டு பேரும் பிழைக்க வெட்டிய பலகைகள்.
முழ நீளக் கம்பித் துண்டுகள்.
உடைந்த தரையோட்டை லாண்ட்மாஸ்டரில் ஏற்றிப்போய்
இருட்டியபிறகு கண்ணாப் பற்றைக்குள் கொட்டுவார்கள்.
அதற்குக் கொப்பியில் இடமில்லை.

தலைக்கவசம் ஆறு. ஆட்கள் இருபத்திமூன்று.
ஆறும் பொலித்தீன் கழற்றாமல் மேல்தட்டில்.
"ஊத்தையாப் போயிரும் புள்ள,
தொழில் கந்தோர் ஐயா வாற அண்டைக்கு எடுப்பம்"
என்றார் கொந்தராத்துக்காரர்.
மிச்சம்: ஆறு.
மாதாமாதம் எழுதினேன்.
என் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை.

சாரம் கட்டிய ஆண்கள்
சாரத்தில் நிற்கிறார்கள்.
எங்கள் பக்கம் இரண்டுக்கும் ஒரே சொல்.
இடுப்பில் இருப்பதை அவிழாமல் முடியத் தெரிந்தவர்களுக்கு
மற்றதைக் கட்ட
அரைச் சுருள் கயிறுதான் கொடுத்திருந்தேன்.

ஆடி. கச்சான் காற்று.
மின்தூக்கிக்கு விட்ட ஓட்டையை மூட
ஒரு துண்டு கேட்டு வந்தான் ஏறாவூர் முஸம்மில்.
புது ஒட்டுப்பலகையில் கை வைக்கக் கூடாதென்று உத்தரவு.
கழிவில் கிடந்த ஒன்றைக் கொடுத்தேன்,
மூன்றடிக்கு இரண்டரை, ஒரு மூலை ஊறி உப்பியது.
ஆணியும் கேட்டான்.
"சும்மா மூடத்தானே?"
அதைச் சொன்னது நான்.

பின்னேரம் கச்சான் அதை ஒரு சாண் நகர்த்தியது.
கம்பிக் கட்டின் ஒரு நுனியைப் பிடித்தபடி
பின்னுக்குப் பின்னுக்கு நடந்து வந்த புண்ணியசீலன்
அந்த ஒரு சாணில் கால் வைத்தான்.
எனக்குக் கீழே கேட்டது
பலகை விழுந்த சத்தம்.
இன்னுமொரு துண்டு என்று நினைத்து
பேனையை எடுத்தேன்.

உயிர் தப்பிவிட்டது. இடுப்பு மூன்றாய் உடைந்தது.
போதனா வைத்தியசாலை விறாந்தையில்
அவன் மனைவி சுகிர்தமலர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.
"அண்டைக்கு அரைநாள் சம்பளமா, முழுநாளா, மறுகா?"

அடுத்த நாள் காலை மேலே ஏறினேன்.
எட்டு மாதத்தில் முதல் தடவை.
மேலே நின்றால் வாவி வடிவுதான்,
அதைப் பார்க்கத் தலை நிமிர்ந்தால்
காலடி தெரியாது.

கொப்பியில் ஐந்தாவது நிரல் கீறினேன்.
கோடு நேராக வரவில்லை.

ஓட்டை ஏழு. மூடியது ஏழு.
ஆணி இருபத்தெட்டு.
சிவப்புப் பெயின்ற் கால் லீற்றர்.
பிழைக்க வெட்டிய பலகைகள் படியோரம் கைபிடியாகின;
அறைய முன் பழைய ஆணி முழுக்கப் பிடுங்கினோம்,
எனக்கும் ஒன்று உள்ளங்கையில் ஏறியது.
முழக் கம்பிகளை முஸம்மில் கொளுக்கிகளாக வளைத்தான்,
என்னோடு கதைக்காமல்.
ஆறு பொலித்தீனையும் கிழித்தேன்.
ஆறு காணாது.
இன்று யாருடைய தலைக்கு என்று
காலையில் சீட்டுக் குலுக்கிச் சிரிக்கிறார்கள்.

மாத முடிவில் கொந்தராத்துக்காரர் வந்தார்.
மின்தூக்கி ஓட்டையின் மேல் குனிந்து
பலகையைத் தட்டிப் பார்த்தார்.
"புதுப் பலகை! ஆணியும் அடிச்சு, சிவப்பும் பூசி,
இனி வேற ஒண்டுக்கும் எடுக்கேலாது.
இதை எந்த நிரல்ல போட்டிருக்காய்?"

கொப்பியை விரித்து நீட்டினேன். பேனையையும்.
அவர் வாங்கவில்லை.
கச்சான் தாள்களைப் படபடவென்று புரட்டியது.
அவர் நின்றுகொண்டிருந்த பலகை
அசையவில்லை.